பெருமையும் தாழ்மையும்: கிறிஸ்தவ விசுவாசத்தில் இவ்விரு சொற்களுக்கு என்ன பொருள்?

இயேசு தம் சீஷருடைய கால்களைக் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழன் மாலை ஆராதனையில் பன்னிரண்டு பேரை முன்வரிசையில் அமர்த்தி, ஆயர் அவர்களுடைய கால்களைக் கழுவித் துடைப்பது எங்கள் சபையின் வழக்கம். பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பகுதியில் தமிழில் ஆராதனை நடத்தும் சபை அது. சில ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பன்னிருவரில் ஒருவனாக என்னையும் அழைத்தார்கள். அன்று மதியமே நான் வீட்டில் கால்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, குதிகால் வெடிப்பில் படிந்திருந்த கறுப்பைக் கல்லால் உரசி எடுத்துவிட்டுத்தான் ஆலயத்துக்குப் புறப்பட்டேன். எனக்கு அருகே அமர்ந்திருந்தவர்களும் அவ்வாறே வந்திருந்தார்கள் என்பது, அவர்கள் செருப்பைக் கழற்றியபோது தெரிந்தது. கடைசி நாற்காலியில் அமரவேண்டியவர் மட்டும் தாமதமாக வந்தார். ஹென்னூர்ப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மேஸ்திரி வேலை பார்ப்பவர் அவர். வேலை முடிந்ததும் நேராகப் பேருந்து ஏறி வந்துவிட்டார். கணுக்கால்வரை சிமெண்டு காய்ந்து, சாம்பல் பூத்ததுபோல் இருந்தது. எங்கள் பதினொருவருடைய கால்களிலிருந்தும் வழிந்த தண்ணீர் தாம்பாளத்தில் தெளிவாகவே கிடந்தது. அவருடைய கால்களில் ஊற்றிய தண்ணீர் கலங்கியது. ஒரு செம்புத் தண்ணீர் போதாமல் இன்னொரு செம்பு கொண்டுவந்தார்கள். ஆயர் முழங்காலில் நின்றபடியே விரலிடுக்குகளில் ஒட்டியிருந்த சிமெண்டைக் கட்டைவிரலால் தேய்த்து எடுத்தார்.

கழுவப்படுவதற்கென்றே நீட்டவிருந்த கால்களை முன்னதாகவே கழுவிக்கொண்டு போனது ஏன் என்று அன்றிரவு என்னையே கேட்டுக்கொண்டேன். பெருமை என்று வேதம் எதைச் சொல்கிறது என்பதை நான் சற்றேனும் உணரத் தொடங்கியது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

அதற்குப் பிறகு வாலிபர் வேதபாட வகுப்பில், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒரு தங்கை, "அண்ணா, பெருமை பாவம் என்றால், நான் பரீட்சையில் முதலிடம் வாங்கியபோது அம்மா பெருமைப்பட்டார்களே, அதுவும் பாவமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களும், பிறந்ததிலிருந்து ஆலயத்தில் வளர்ந்தவர்களும் இந்த இடத்தில் ஒரேபோலத் தடுமாறுகிறார்கள். அதற்குப் பாதிக் காரணம் நம்முடைய சொற்களிலேயே இருக்கிறது.

தமிழில் 'பெருமை' என்ற சொல் அடிப்படையில் நல்ல சொல். திருக்குறளில் அந்தப் பெயரில் ஓர் அதிகாரமே இருக்கிறது. "பணியுமாம் என்றும் பெருமை சிறுமை அணியுமாம் தன்னை வியந்து" என்பது அதில் வரும் 978ஆம் குறள். உண்மையில் பெரியவராக இருப்பவர் எக்காலத்திலும் பணிந்திருப்பார், சிறுமையே தன்னைத்தான் வியந்து அழகுபடுத்திக்கொள்ளும் என்கிறார் வள்ளுவர். ஆனால் 1871இல் வெளிவந்து இன்றுவரை பெரும்பாலான சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் வாசிக்கப்படும் தமிழ் வேதாகமத்தில், "பெருமையுள்ளவர்களுக்கு தேவன் எதிர்த்து நிற்கிறார்" என்று யாக்கோபின் நிருபம் சொல்கிறது. ஆக, வள்ளுவர் 'சிறுமை' என்று பெயரிட்ட அதே குணத்தை வேதாகமத் தமிழ் 'பெருமை' என்று அழைக்கிறது. இரண்டு நூல்களும் முரண்படவில்லை. சொல்தான் இடம் மாறியிருக்கிறது. வேதாகமத்திலேயே அகந்தை, இறுமாப்பு, மேட்டிமை, வீண்பெருமை என்று வேறு சொற்களும் வருகின்றன. அவற்றோடு சேர்த்துப் படிக்கும்போது, கண்டிக்கப்படுவது எது என்பது தெளிவாகிறது. மகளின் முயற்சியைக் கண்டு ஒரு தாயின் நெஞ்சு நிறைவது அந்தக் கண்டனத்துக்குள் வராது. பவுல் அப்போஸ்தலனே தாம் நட்ட சபைகளை நினைத்து அப்படி நெஞ்சு நிறைந்து எழுதியிருக்கிறார். கண்டிக்கப்படுவது, வள்ளுவர் சொன்ன அந்தத் 'தன்னை வியத்தல்'.

தன்னை வியப்பதில் அப்படி என்ன பெரிய தீங்கு இருக்கிறது? இதற்கு விடையாகப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய ஒரு வசனத்தையே நான் எப்போதும் முதலில் காட்டுவேன்: "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது? நீ பெற்றுக்கொண்டாயானால் பெற்றுக்கொள்ளாதவன்போல் ஏன் மேன்மைபாராட்டுகிறாய்?" பெருமை என்பதற்கு இதைவிடத் துல்லியமான இலக்கணத்தை நான் எங்கும் படித்ததில்லை. பெற்றுக்கொண்டதைப் பெற்றுக்கொள்ளாததுபோல் வைத்துக்கொள்வதுதான் பெருமை. அது அடிப்படையில் ஒரு மறதி. கொடுத்தவரை மறந்துவிடுகிற மறதி.

என் சொந்த வாழ்க்கையை வைத்து இதைச் சொன்னால் எளிதாக விளங்கும். என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழமுடையது; நாள்தோறும் கூண்டில் இறங்கி, வெக்கையில் பாறை உடைத்து, மேலே ஏறி வந்தவர் அவர். 2001இல் சுரங்கம் மூடப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வேலை சுருங்கத் தொடங்கிவிட்டதால், என் அப்பா விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வந்து ஒரு பட்டறையில் வேலை செய்துவிட்டு, இரவில் அதே ரயிலில் திரும்பினார். அவர் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் நாங்கள் விழித்திருக்கையில் வீட்டில் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. நான் படித்தேன், மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன், இந்த ஊரில் சொந்தமாக வீடு வாங்கினேன். வீட்டுப் பிரதிஷ்டை ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தபோது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று தொடங்கி, நான் இரவெல்லாம் படித்ததையும், நான் நேர்காணலில் பதில் சொன்னதையும், நான் கடனை முன்கூட்டியே அடைத்ததையும் வரிசையாகச் சொன்னேன். அப்பா பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த ரயிலைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நினைத்து விடவில்லை. அது என் நினைவுக்கே வரவில்லை. பெருமை வேலை செய்யும் விதம் அதுதான். அது பொய் சொல்ல வைப்பதைவிட அதிகமாக, உண்மையின் ஒரு பாதியைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது.

மறதியோடு கூடவே பெருமைக்கு இன்னொரு முகமும் உண்டு. அது ஒப்பிட்டுப் பார்ப்பது. இதை இயேசு ஒரு கதையாகச் சொன்னார். லூக்கா சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் வரும் பரிசேயனும் ஆயக்காரனும் பற்றிய உவமையை ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆயினும், அதிகம் கேட்டுப் பழகிய காரணத்தாலேயே அதன் கூர்மை நமக்கு மழுங்கிவிட்டது என்று எண்ணுகிறேன். பரிசேயன் என்ற சொல்லைக் கேட்டவுடன் மாய்மாலக்காரன் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். இயேசு பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு அவன் அப்படித் தெரிந்திருக்க மாட்டான். திருச்சட்டத்தை நுணுக்கமாகக் கைக்கொள்பவன், மதிப்புக்குரியவன். ஆயக்காரனோ ரோம ஆட்சிக்காகத் தன் சொந்த ஜனங்களிடமே வரி வசூலித்து, அதில் தனக்கும் ஒரு பங்கு சுரண்டிக்கொள்பவன் என்று பெயரெடுத்தவன். ஊரார் அவனோடு சேர்ந்து உண்ணவும் மாட்டார்கள்.

பரிசேயனின் ஜெபத்தைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். அவன் பொய் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசிப்பதாகச் சொல்கிறான், உண்மையிலேயே உபவாசித்திருப்பான். சம்பாத்தியத்தில் எல்லாம் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கொடுப்பதாகச் சொல்கிறான், கொடுத்திருப்பான். அதைவிட வியப்பானது, அவன் தன் நற்செயல்களுக்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கவும் செய்கிறான். வெளித்தோற்றத்தில், பெற்றுக்கொண்டதை மறவாதவனைப்போலவே பேசுகிறான். ஆனால் அந்த ஸ்தோத்திரம் எதன்மேல் நிற்கிறது? "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும்" தான் இராததன்மேல். பக்கத்தில் நிற்பவன் தாழ்ந்து நின்றால்தான் இவன் உயர்ந்து நிற்க முடியும். ஜெபிக்க வந்தவனின் கண்கள் தேவனை நோக்காமல் ஓரக்கண்ணாகப் பின்னால் நிற்பவனை அளந்துகொண்டிருக்கின்றன. ஆயக்காரனோ வானத்தை ஏறெடுத்துப் பார்க்கவும் துணியாமல், "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்கிறான். அவனுடைய ஜெபத்தில் வேறு எந்த மனிதனும் இல்லை. அவனும் தேவனும் மட்டுமே இருக்கிறார்கள். நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பினவன் அவனே என்று இயேசு சொன்னார்.

இந்த உவமையில் அச்சமூட்டும் உண்மை ஒன்று இருக்கிறது. மற்றப் பாவங்கள் நம்முடைய கெட்ட பழக்கங்களில் வேர்விடும். பெருமையோ உபவாசத்திலும் காணிக்கையிலும் ஜெபத்திலும் வேர்விடும். 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோவான் காசியான் என்ற துறவி, எகிப்தின் பாலைநிலத் துறவிகளிடம் கற்றதை எழுதி வைத்தபோது, வீண்பெருமையை அம்முதியோர் வெங்காயத்துக்கு ஒப்பிட்டதாகக் குறிப்பிடுகிறார்: ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொரு தோல் இருக்கும், அதை உரித்தால் மற்றொன்று. நல்ல உடை உடுத்துவதில் பெருமைகொண்டவன் அதை விட்டுவிட்டால், எளிய உடை உடுத்துவதில் பெருமைகொள்வான். பேச்சுத் திறமையை விட்டவன் மௌனத்தில் பெருமைகொள்வான். அவர்களுக்குப் பின் வந்த மகா கிரெகோரி, 590 முதல் 604 வரை ரோமின் ஆயராக இருந்தவர், பெருமையை மற்றத் தீங்குகளின் வரிசையில் ஒன்றாக வைக்காமல் அவை எல்லாவற்றுக்கும் வேர் என்று தனியே பிரித்து வைத்ததற்குக் காரணம் இதுவே. தம்மைத் 'தேவனுடைய ஊழியர்களுக்கு ஊழியன்' என்று அழைத்துக்கொண்ட அவர், பதவியின் உச்சியிலிருந்தபடி இதை எழுதினார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பெருமையின் முடிவு என்ன என்பதற்கு வேதத்தில் பல சரித்திரங்கள் உண்டு. மகா பாபிலோனைத் தானே கட்டியதாக அரண்மனை மேலுலாவி மார்தட்டிய நேபுகாத்நேச்சார் மாடுகளைப்போல் புல்லைத் தின்ற கதை எல்லாருக்கும் தெரிந்ததே. எனக்கு அதைவிட உசியா ராஜாவின் வாழ்க்கை நெஞ்சைத் தைக்கிறது, ஏனென்றால் அவன் நல்லவன். பதினாறு வயதில் யூதாவின் சிங்காசனம் ஏறி, 52 ஆண்டுகள் ஆண்டான். தேவனைத் தேடினான். கிணறுகள் வெட்டினான், வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் விரும்பி வளர்த்தான், எருசலேமின் கோபுரங்களில் அம்புகளையும் பெரிய கற்களையும் எறியும் யந்திரங்களை அமைத்தான். பிறகு இரண்டாம் நாளாகமம் 26ஆம் அதிகாரத்தில் திசைமாற்றம் வருகிறது: அவன் பலப்பட்டபோது அவனுடைய மனம் மேட்டிமையாயிற்று என்று எழுதியிருக்கிறது. ஆசாரியர்கள் மட்டுமே செய்யக்கூடிய தூபங்காட்டும் பணியைத் தானே செய்ய ஆலயத்துக்குள் நுழைந்தான். அசரியா என்ற ஆசாரியனும் அவனோடு 80 ஆசாரியர்களும் பின்னாலேயே போய், ராஜாவென்றும் பாராமல் தடுத்தார்கள். தூபகலசம் கையில் இருக்க, உசியா கோபங்கொண்டான். அந்தக் கணத்திலேயே அவன் நெற்றியில் குஷ்டம் தோன்றியது. சாகும்நாள்வரை தனித்த வீடொன்றில் வாழ்ந்தான். அரண்மனைக் காரியங்களை அவன் மகன் யோதாம் கவனித்தான். பலவீனத்தில் தேவனைத் தேடிய மனிதனுக்குப் பலமே இடறலாயிற்று. ஆசாரியர்கள் தடுத்தபோதாவது அவன் திரும்பியிருக்கலாம்; கோபமே வந்தது. யாராவது தவறைச் சுட்டிக்காட்டும்போது நமக்குள் முதலில் எழுவது எது என்று பார்த்தால், பெருமை நம்மில் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

தனிமனிதனின் பெருமையாவது பெரும்பாலும் அவனையும் அவன் வீட்டையும் கெடுக்கும். கூட்டத்தின் பெருமை சபையையே பிளக்கும். தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் இதைப் பேசும்போது சாதியைப் பேசாமல் நழுவிச் செல்வது நேர்மையாகாது. 1833ஆம் ஆண்டில் கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு சபைகளிலிருந்து உடனடியாகவும் முற்றிலுமாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஒரே ஆலயத்தில் தனித்தனியே உட்காருவதும், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணத் தயங்குவதும் அப்போது தஞ்சாவூர், வேப்பேரி போன்ற சபைகளில் வேரூன்றியிருந்தன. அறிக்கை வாசிக்கப்பட்டபோது, சேர்ந்து உட்காருவதைவிட ஆலயத்தை விட்டுப் போவதே மேல் என்று வெளியேறியவர்கள் பலர். ஞானஸ்நானம் பெற்றவர்கள், கீர்த்தனை பாடியவர்கள், வேதம் வாசித்தவர்கள். பெங்களூருக்கு வந்த பிறகு அதெல்லாம் போய்விட்டது என்று சிலர் சொல்வார்கள். 1809இல் இங்கே கண்டோன்மென்ட் அமைந்ததிலிருந்து சென்னை ராணுவத்தோடும் அதன் பின்னாலும் வந்து குடியேறிய தமிழர்கள் எல்லா ஊர்களிலிருந்தும் வந்தவர்கள், கலந்து வாழ்ந்தவர்கள் என்பது மெய். எனினும், இன்றும் சபைத் தேர்தல் நெருங்கும்போது யார் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்ற விசாரிப்பு தொடங்கிவிடுவதையும், ஆலயத்துக்குள் கூடிப் பாடுபவர்கள் பெண் பார்க்கும் வேளையில் பிரிந்துவிடுவதையும் நான் கண்டிருக்கிறேன். பிறப்பு ஒருவன் பெற்றுக்கொண்டவைகளிலெல்லாம் முதலாவது. அவன் அதற்காக ஒரு விரலையும் அசைக்கவில்லை. அதைக்கொண்டு மேன்மைபாராட்டுவதைப் பவுலின் கேள்விக்கு முன் நிறுத்தினால் என்ன மிஞ்சும்?

இந்த இடத்தில்தான் 'தாழ்மை' என்ற சொல்லையும் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. நம் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே 'தாழ்ந்தவர்', 'தாழ்வு மனப்பான்மை' என்ற சொற்களும் நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாக மற்றவர்களால் தாழ்த்தப்பட்ட ஒருவரிடம் போய், 'தாழ்மையாக இரு' என்று பிரசங்கிப்பது அவருக்குக் கொடுமையாகவே கேட்கும். கணவன் கையால் அடிவாங்கும் பெண்ணிடம், தாழ்மையோடு பொறுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பியவர்களை நான் அறிவேன். அது வேதம் சொல்லும் தாழ்மை இல்லை. அடிக்கிறவனின் பெருமைக்குச் செய்யும் பணிவிடை. இயேசுவைக் கருவில் சுமந்த மரியாள் பாடிய பாட்டில், தேவன் "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்" என்றே இருக்கிறது. தாழ்த்தப்பட்டிருப்பதைத் தேவன் ரசிப்பதாக அந்தப் பாட்டு சொல்லவில்லை.

அப்படியானால் மனத்தாழ்மை என்றால் என்ன? ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், எண்ணவேண்டியதற்கு மிஞ்சித் தன்னைப்பற்றி எண்ணாமல், தெளிந்த எண்ணமுள்ளவனாய் எண்ண வேண்டும் என்கிறார். 'மிஞ்சி' என்ற சொல்லைப் பாருங்கள். குறைத்து எண்ணும்படி அவர் சொல்லவில்லை. தெளிவாக எண்ணச் சொல்கிறார். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அவிலாவின் தெரேசா, ஆண்டவர் தாழ்மையை ஏன் அவ்வளவு நேசிக்கிறார் என்று யோசித்து, தேவன் உண்மையாயிருப்பதாலும் தாழ்மை என்பது உண்மையில் நடப்பதே என்பதாலும்தான் என்று கண்டுகொண்டதாக எழுதியிருக்கிறார். நன்றாகப் பாடுகிறவர், 'எனக்குப் பாட வராது' என்று சொல்வது தாழ்மை ஆகாது, அது உண்மைக்கு மாறானது. பல வேளைகளில், 'இல்லையில்லை, அருமையாகப் பாடுவீர்கள்' என்ற மறுமொழியை எதிர்பார்த்துச் சொல்லப்படுவது. பாட வரும் என்பதை அறிந்து, அது கிடைத்த விதத்தையும் அறிந்து, பாட அழைக்கும்போது எழுந்து பாடிவிட்டு வந்து உட்காருவது தாழ்மை. வேறொருவர் இன்னும் சிறப்பாகப் பாடும்போது அதை மனமார ரசிக்க முடிந்தால், அது முதிர்ந்த தாழ்மை.

இதற்கெல்லாம் அளவுகோல் கிறிஸ்துவே. கிரேக்க, ரோம உலகத்தில் 'தாழ்ந்த' என்பதற்கான சொல் பெரும்பாலும் அடிமைகளையும் கீழ்நிலையில் இருந்தவர்களையும் இகழப் பயன்பட்டது. அதை ஒரு நற்குணத்தின் பெயராக்கிப் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதினார். பிலிப்பி ஒரு ரோமக் குடியேற்ற நகரம். பதவிகளும் பட்டங்களும் பெரிதாக மதிக்கப்பட்ட ஊர். அப்படிப்பட்ட ஊரில் வாழ்ந்த விசுவாசிகளுக்கு முன் அவர் வைத்த முன்மாதிரி, தேவனுடைய ரூபமாயிருந்தும் "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து", சிலுவையின் மரணபரியந்தமும் கீழ்ப்படிந்த ஒருவர். மற்றவர்கள் ஏறத் துடிக்கும் படிக்கட்டில் அவர் இறங்கிக்கொண்டே வருகிறார்.

அந்த இறக்கத்தின் ஒரு படியைத்தான் யோவான் தன் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் வரைந்து காட்டுகிறார். அங்கே நாம் வழக்கமாக வேகமாகக் கடந்துபோகிற ஒரு வரி உண்டு. பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்து தேவனிடத்திற்குப் போகிறதையும் இயேசு அறிந்து, அதன்பின் எழுந்து, வஸ்திரங்களைக் கழற்றி வைத்து, ஒரு சீலையை அரையிலே கட்டிக்கொண்டு, தம் சீஷருடைய கால்களைக் கழுவத் தொடங்கினார். தாம் யார் என்பதை முழுமையாக அறிந்திருந்ததால்தான் அவரால் குனிய முடிந்தது. தன் மதிப்பைக் குறித்துச் சந்தேகம் உள்ளவன் குனிய அஞ்சுவான்; குனிந்தால் இருக்கிற மதிப்பும் போய்விடுமோ என்று ஓயாமல் அதைக் காத்துக்கொண்டே இருப்பான். தேவனால் நேசிக்கப்பட்டவன் என்று உறுதியாக அறிந்தவனுக்கு அந்தக் காவல் வேலை இல்லை. ஆகவே தாழ்மைக்கும் தாழ்வு மனப்பான்மைக்கும் இடையே இருக்கும் தூரம், பெருமைக்கும் தாழ்மைக்கும் இடையே உள்ள தூரத்தைவிடக் குறைந்ததன்று.

பிறகு சீஷரில் ஒருவனான பேதுருவின் முறை வருகிறது. "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்கிறான். கேட்பதற்கு மிகுந்த பணிவாகத் தோன்றும். அதற்கு இயேசு, "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று பதில் சொன்னார். கொடுப்பதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு, ஏனென்றால் கொடுக்கிறவனின் கை மேலே இருக்கும். நம் அழுக்கைப் பிறர் பார்க்க, பிறர் தொட, பிறர் துடைக்க இடங்கொடுப்பது அரிது. என் கால்களைக் கல்லால் உரசிய அந்த மதியத்தில் பேதுரு சொன்னதைத்தான் நானும் வார்த்தையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மேஸ்திரி, தன் கால் இருக்கிறபடியே நீட்டினார். ஆயருடைய தலை தன் முழங்காலுக்கு அருகே குனிந்திருந்தபோது அவர் அழுதுகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

தாழ்மையில் வளர வழி உண்டா என்று கேட்பவர்களுக்குச் சபையின் முன்னோர் பல விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் தாழ்மைக்குப் பன்னிரண்டு படிகளை வகுத்தார். அவருக்கு முன், டியோஸ்கோரஸ் என்ற இளைஞனுக்கு எழுதிய கடிதத்தில் அகுஸ்தீன், உண்மையை அடைய முதலாவது வழி தாழ்மை, இரண்டாவது வழி தாழ்மை, மூன்றாவதும் தாழ்மையே, எத்தனை முறை கேட்டாலும் அதையே சொல்வேன் என்றார். பேச்சுக்கலையை முறைப்படி கற்பித்துவந்த அறிஞர் அவர். படிப்பினால் புகழ்தேடத் துடித்த இளைஞனிடம் அவர் அதைச் சொன்னார் என்பது, நுழைவுத் தேர்வுகளுக்கும் பதவி உயர்வுகளுக்கும் நடுவில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

நான் கண்டவரையில், தாழ்மையை நேரடியாகப் பிடிக்கப் போனால் அது நழுவிவிடும். இன்று தாழ்மையாக நடந்தேனா என்று கணக்குப் பார்ப்பதே தன்னை நோக்கிய பார்வைதான். செய்யக்கூடியவை எளியவை. மன்னிப்புக் கேட்கும்போது 'ஆனால்' என்று தொடங்கும் வாக்கியத்தை விழுங்கிவிடலாம். காணிக்கையாக வாங்கிக் கொடுக்கும் மின்விசிறியில் பெயர் எழுதாமல் விடலாம்; வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் சொன்னது அதற்கும் சேர்த்துத்தான். சாட்சி சொல்ல எழும்போது, நம்மைத் தூக்கிவிட்ட கைகளில் ஒன்றையாவது பெயர் சொல்லி நினைக்கலாம். எனக்கு இது தாமதமாகத்தான் கூடிவந்தது: சென்ற ஆண்டு அறுப்பின் பண்டிகையில் சாட்சி சொன்னபோது மாரிக்குப்பம் ரயிலைப் பற்றிச் சொன்னேன். அப்பா அன்று தலைவலியென்று வீட்டிலேயே இருந்துவிட்டதால், அதைப் போய்த் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. "அந்த ரயிலில் எனக்கு எப்போதும் ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பார் ஒருவர், அவரையும் சொன்னாயா?" என்று கேட்டார்.

எல்லாவற்றிலும் கடினமானது, நமக்குக் கீழே இருப்பதாக நாம் நினைப்பவர்களுடைய வார்த்தைக்குச் செவிகொடுப்பது. இதற்கு நாகமானின் சரித்திரத்தைப் படிக்கச் சொல்வேன். அது இரண்டாம் இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சீரியாவின் படைத்தலைவன், பராக்கிரமசாலி, குஷ்டரோகி. போரில் சிறைபிடிக்கப்பட்டு அவன் வீட்டில் வேலைக்காரியாக இருந்த ஒரு சிறு பெண் சொன்ன வார்த்தையால் அவன் இஸ்ரவேலுக்குப் புறப்பட்டுப் போனான். குதிரைகளோடும் இரதத்தோடும் எலிசாவின் வாசலில் வந்து நின்றவனைத் தீர்க்கதரிசி வெளியே வந்து பார்க்கக்கூட இல்லை. ஆளனுப்பி, யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணச் சொன்னார். எங்கள் தமஸ்குவின் ஆறுகள் இஸ்ரவேலின் தண்ணீர்கள் எல்லாவற்றையும்விட நல்லவை அல்லவா என்று கடுங்கோபத்தோடு அவன் திரும்பிப் போனான். அப்போது அவனுடைய ஊழியக்காரர் கிட்ட வந்து, "தகப்பனே" என்று அழைத்து, தீர்க்கதரிசி ஒரு பெரிய காரியத்தைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரல்லவா, இந்தச் சிறிய காரியத்தை ஏன் செய்யக்கூடாது என்று மெதுவாகக் கேட்டார்கள். அவன் கேட்டான். ஆற்றில் இறங்கினான். அவனுடைய மாம்சம் ஒரு சிறு பிள்ளையின் மாம்சத்தைப்போல மாறிற்று என்று எழுதியிருக்கிறது. அவனை அந்த ஆற்றுக்கு அனுப்பிய சிறு பெண்ணின் பெயரும், திரும்பிப் போனவனைத் தடுத்த ஊழியக்காரரின் பெயர்களும் அந்த அதிகாரத்தில் இல்லை.